ஒரே பல்சர், இரு நாட்டு வழக்கம்

பஜாஜ் பல்சர் என்.எஸ். 200 இந்தியச் சந்தைக்கு 2012-இல் வந்தது. இலங்கைச் சாலைகளிலும் அது ஓடுகிறது. 2017-இல் மொடெனாஸ் பெயரைத் தாங்கி மலேசியாவிலும் விற்பனைக்கு வந்தது. அதே 199.5 சிசி எஞ்சின், சற்று முன்னே குனிய வைக்கும் அதே ஹேண்டில், இரண்டாகப் பிரிந்த அதே சீட். ஆனால் நானூறு கிலோமீட்டர் போகவேண்டும் என்று வரும்போது, சென்னைக்காரர் இந்த வண்டியைத் தயார்செய்யும் விதம் வேறு. யாழ்ப்பாணத்துக்காரர் தயார்செய்யும் விதம் வேறு. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து பினாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் இருவரிடமும் கற்றுக்கொள்ளலாம்.

எந்த நாட்டில் ஓட்டினாலும் உடம்பு கேட்பது ஒன்றுதான். உட்காரும்போது நம் எடையை இடுப்புக்குக் கீழே உள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. மெத்தை பஞ்சுபோல் இருந்தால் கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டியபின் நுரை அமுங்கி, எலும்பு அடித்தகட்டில் இடிக்கும். கொஞ்சம் கெட்டியான நுரைதான் எடையைப் பரப்பித் தாங்கும். அடுத்தது சீட், ஹேண்டில், கால்மிதி மூன்றும் அமைந்திருக்கும் விதம். முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். மேலுடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கக் கூடாது. இவற்றோடு எஞ்சின் அதிர்வும் எதிர்காற்றும் சேர்ந்தால் களைப்பின் கணக்கு முழுமையாகிவிடும்.

இந்தியாவில் தூரம் பெரிது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 700 கிலோமீட்டர். தமிழ்நாட்டிலிருந்தே லடாக் வரை வண்டியிலேயே போய்வரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் இந்த ஆசையை வளர்த்தது. கூடவே கை மரத்துப்போகும் அதிர்வையும் கொடுத்தது. ஸ்பிரிங் வைத்த தனிச்சீட்டைப் புல்லட்காரர்கள் தேடிப்போய்ப் பொருத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். அதே நிறுவனத்திலிருந்து 2020-இல் வந்த மீட்டியார் 350-இல் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் சேர்ந்த பிறகுதான் அந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது.

ஆகவே இந்திய வழக்கம் கூட்டிச் சேர்ப்பது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் டில்லி கரோல் பாக்கிலும் இதற்கென்றே கடை வரிசைகள் உண்டு. ஹேண்டிலை உயர்த்தும் ரைசர், முதுகுசாய்வு, கிராஷ் கார்டு, பக்கப் பைகளைத் தாங்கும் கம்பிச்சட்டம் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். ரைனாக்ஸ், வயாடெரா போன்ற இந்திய நிறுவனங்களே நல்ல பயணப் பைகளைச் செய்கின்றன. குஷன் கடைக்காரர் பழைய நுரையை வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டுபவரை உட்காரவைத்து அளவு பார்த்துக் கெட்டி நுரை வைத்துத் தைத்துத் தருவார். வெயிலுக்கு மேலே வலைத்துணி உறை. ரெக்சின் சூடேறிக் கொதிக்கும் சித்திரை மாதத்தில் அந்த வலைக்குள் புகும் காற்று பெரிய உதவி.

இதற்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சீட்டு நுரையை மாற்றுவது ஒன்று, சட்டகத்தை வெட்டி ஒட்டுவது வேறொன்று. இந்திய முறையின் குறை சட்டத்தில் மட்டும் இல்லை. சேர்த்த ஒவ்வொன்றும் எடை. பின்பக்கம் பெட்டியும் பையும் ஏறஏற முன்சக்கரம் இலேசாகி, வளைவில் வண்டி ஆட்டம் காட்டும்.

இலங்கையின் கணக்கு வேறு. தீவு வடக்குத் தெற்காக 430 கிலோமீட்டர் அளவுதான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர், அதுவே நெடும்பயணம். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. ஆகவே ஏ9 போன்ற சாதாரணச் சாலைகளில் ஊரும் சந்தியும் தாண்டி நிதானமாகத்தான் போகவேண்டும்.

அதோடு பொருளும் எளிதில் கிடைத்ததில்லை. 1990-களில் பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின; சில சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஹோண்டா எம்.டி. 90, சி.டி. 200 வண்டிகளை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருந்த ஊர் அது. 2020-இல் வாகன இறக்குமதி நின்றது; சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் கதவு திறந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர்.

இப்படிப் பழகியவர்கள் வண்டியில் எதையும் கூட்டுவதைவிட உள்ளதைக் காப்பாற்றுவதையே முதலில் நினைக்கிறார்கள். கராஜில் செயினைத் துப்புரவாக்கி இறுக்குவது, ஷாக் அப்சார்பரின் எண்ணெய்க்கசிவைச் சரிசெய்வது, ஸ்டியரிங் பெயரிங் மாற்றுவது, டயர்க் காற்றைச் சரியாக வைப்பது. தேவையான உதிரிப்பாகத்தைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப்பிடிப்பார்கள். இவை சொகுசுப் பட்டியலில் எங்கும் வராது. ஆனால் தளர்ந்த ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிட்டு மேலே எத்தனை மெத்தை போட்டாலும் முதுகு தப்பாது. கூட்டிச் சேர்க்கும் ஆர்வத்தில் இந்திய இளைஞர்கள் பலர் மறக்கும் இடம் இது.

ஓய்வு எடுப்பதிலும் இலங்கைக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஏ9 சாலையில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே முறிகண்டிப் பிள்ளையார் கோவில். அந்த வழியே போகும் வாகனம் பெரும்பாலும் நின்றுதான் போகும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்து, கால் நீட்டி நடந்துவிட்டுத்தான் ஏறுவார்கள். பக்தியின் பெயரால் முதுகுக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் திருச்சி நெடுஞ்சாலையோரக் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள் உண்டு, நின்றால் நல்லதுதான். ஆனால் நேரத்தை முறியடிக்கும் வெறியில் அவற்றைத் தாண்டிப் பறப்பவர்களும் ஏராளம்.

பின்னால் உட்காருபவரின் சுகத்தை மட்டும் இந்தியா சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால்மிதி, சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் காப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கட்டாயம். ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் பெண்களுக்கு அந்தக் காப்பு பெரிய உதவி. ஆனாலும் அப்படி உட்கார்ந்தால் எடை ஒரு பக்கம் சாயும். ஓட்டுபவர் முழுவழியும் மறுபக்கம் இழுத்துச் சமன்செய்ய வேண்டும். நீண்ட பயணத்துக்கு இரு பக்கமும் கால் போட்டு உட்காருவதே இருவருக்கும் நல்லது.

இனி மலேசியாவில் நம் நிலைமை. கோலாலம்பூரிலிருந்து பெட்டாலிங் ஜெயா வழியாகக் கிள்ளானுக்குப் போகும் பெடரல் நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை போட்ட நாடு இது. பிளஸ் நெடுஞ்சாலையில் நமக்குத் தடையும் இல்லை, கட்டணமும் இல்லை. வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். இங்கேதான் இரு நாட்டுப் பாடமும் போதாமல் போகிறது. எதிர்காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 70-இல் இருப்பதைவிட 110-இல் அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கப்சாய் என்ற சிறுவண்டியை ஓட்டுபவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வது விளையாட்டுக்கு அல்ல. நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ஒரு சிறு காற்றுத்தடுப்புக் கண்ணாடி பெரிய பெட்டியைவிடப் பயன் தரும்.

ஆக என் தீர்ப்பு இது: முதலில் இலங்கைக்காரர்போல் டயர், செயின், ஷாக் அப்சார்பர் மூன்றையும் சரிசெய்யுங்கள். பிறகு இந்தியக்காரர்போல் சீட்டையும் ஹேண்டிலையும் உங்கள் உடம்புக்கு அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பிறகு பணம் மிஞ்சினால் பெட்டியும் விளக்கும் வாங்கலாம். தாப்பாவிலோ சுங்கை பேராக்கிலோ ஓய்விடம் வந்தால், களைப்பு தெரிகிறதோ இல்லையோ, இறங்கிப் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். அதற்குச் செலவே இல்லை.