எஃப்7 போனால் போகட்டும்!

சதுரங்கத்தில் என்னைக் கிறங்கடிக்கும் தொடக்கம் ஒன்று உண்டென்றால் அது டிராக்ஸ்லர்தான். இத்தனை காலம் புத்தகத்தில் பார்த்ததை எங்கள் கிளப்பில் போன வாரம் கண்ணெதிரே பார்த்துவிட்டேன். வெள்ளைக்கு, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். கறுப்புக்கு, கல்லூரி மாணவி ஒருத்தி.

நாலாவது மூவில் பெரியவர் குதிரையை ஜி5-க்கு ஏற்றினார். சி4 பிஷப்பும் அந்தக் குதிரையும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. வழக்கமாக இங்கே டி5-க்குச் சிப்பாயைத் தள்ளி மறிப்பார்கள். இவளோ எஃப்7 பக்கம் திரும்பக்கூட இல்லை; பிஷப்பை சி5-இல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினாள். என்ன நெஞ்சுரம்! நீ வெட்டு, நானும் வெட்டுகிறேன் என்கிற மூவ் அது.

குதிரை எஃப்7-ஐ வெட்டி ராணிக்கும் யானைக்கும் ஒருசேரக் குறிவைத்தது. அவள் பிஷப்பால் எஃப்2-ஐ வெட்டி செக் வைத்தாள். ராஜா பிஷப்பை வெட்ட, கறுப்புக் குதிரை இ4-இல் பாய்ந்து மறுபடி செக். ராஜா ஜி1-க்கு ஒதுங்கியதும் ராணி எச்4-க்கு வந்துவிட்டது; அடுத்து எஃப்2-இல் மேட்! பெரியவர் ஜி3-இல் சிப்பாயை நிறுத்தினார். அதையும் குதிரை வெட்டியது. பெரியவர் யானையை வெட்ட, இவள் மிச்சமிருந்த குதிரையை நிதானமாக டி4-இல் கொண்டுவந்து வைத்தாள். சுற்றி நின்ற எங்களுக்கு மூச்சே வரவில்லை. ஜி3 குதிரையும் போயிற்று. பிஷப், யானை, குதிரை மூன்றையும் இழந்த நிலையில் ராணியை மட்டும் வைத்துச் செக் மேல் செக். தப்ப வழியே இல்லை. டிரா!

"யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"ஒரு பாதிரியார், அங்கிள்!"

பொஹீமியாவைச் சேர்ந்த கரேல் டிராக்ஸ்லரைத்தான் சொன்னாள். ஐந்தாவது மூவில் குதிரைக்குப் பதில் பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டினால் வெள்ளைக்கு நல்லது என்கிறது கணினி. சொல்லட்டும். 1890-இல் ரைனிஷ் என்பவரோடு டிராக்ஸ்லர் ஆடிய ஆட்டத்தை அவள் உடனே பலகையில் அடுக்கிக் காட்டினாள். ராணியையே கொடுத்துவிடுகிறார் மனிதர்! பிறகு வெள்ளை ராஜாவைச் செக் வைத்தே நடுப்பலகை வழியாக ஏ5 வரை இழுத்து வருகிறார். கடைசிக் குதிரையையும் பலி கொடுத்து, 17-ஆவது மூவில், அதுவரை சி7-இல் அசையாமல் நின்ற சிப்பாயை சி5-க்குத் தள்ளி மேட்! பெரியவர் இன்னொருமுறை அடுக்கச் சொன்னார். நாங்களும்தான்.