எத்தனை முறை கேட்பது?

மைக்ரோசாஃப்ட் என்ட்ரா வழியாக அலுவலகக் கணக்குக்குள் நுழைகிறவர்கள் கடவுச்சொல்லுக்குப் பிறகு ஒரு கேள்வியைப் பார்த்திருப்பார்கள்: உள்நுழைந்தபடியே இருக்கலாமா? 'ஆம்' என்றால், உலாவியை மூடினாலும் அழியாத குக்கி ஒன்று கணினியில் தங்கிவிடும். 'இல்லை' என்றால் உலாவியோடு அதுவும் போய்விடும். இந்தக் கேள்வியையே காட்டாமல் மறைக்க அட்மினுக்கு வசதி உண்டு. பாதுகாப்பில் கவலையுள்ள அட்மினின் கை முதலில் அங்கேதான் போகும்.

அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. தங்கிய குக்கியைத் தீநிரல் திருடிவிட்டால், திருடனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். கல்லூரி ஆய்வகத்திலோ மருத்துவமனை வரவேற்பு மேசையிலோ பலர் மாறி மாறி உட்காரும் கணினியில், முன்னவரின் அஞ்சல்பெட்டி பின்னவருக்குத் திறந்தே கிடக்கும். அங்கே மறைப்பதே சரி.

ஒருவரே வைத்திருக்கும் மடிக்கணினியில் கணக்கு வேறு. நாளுக்கு நான்கு முறை கடவுச்சொல் கேட்டால், கண் படிப்பதற்குள் கை அடித்துவிடும். போலித் திரை வைத்துக் காத்திருப்பவனுக்கு வேண்டியதும் அந்தப் பழக்கம்தான். மைக்ரோசாஃப்டின் ஆவணங்களே இதை எச்சரிக்கின்றன. மறுபடி உள்நுழையச் சொல்வதற்கு என்ட்ராவின் இயல்பான கால அளவு 90 நாள். அதை ஒரு மணி நேரமாகச் சுருக்குகிறவர் பூட்டைப் பலப்படுத்தியதாக நினைக்கிறார். உண்மையில் ஊழியர்களை யோசிக்காமல் சாவி நீட்டப் பழக்குகிறார்.

2022 செப்டம்பரில் ஊபரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒப்பந்ததாரர் ஒருவரின் கடவுச்சொல் கைக்கு வந்ததும் ஊடுருவியவர் மீண்டும் மீண்டும் உள்நுழைய முயன்றார். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு அறிவிப்பு போனது. முதலில் மறுக்கப்பட்டது, கடைசியில் ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பு இருந்தும், வெறும் பொத்தானை அழுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்ததில் அது தளர்ந்துபோனது. இத்தகைய தாக்குதல்களைத் தடுக்க 2023 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டர் செயலியின் ஒப்புதல் அறிவிப்புகளில் எண் பொருத்தத்தைக் கட்டாயமாக்கியது. உள்நுழைவுத் திரையில் தெரியும் எண்ணைக் கைபேசியில் அடிக்க வேண்டும். பயனருக்கு ஒரு வேலை கூடியது உண்மை. ஆனால் தான் உள்நுழையாத நேரத்தில் வரும் அறிவிப்புக்கு அடிக்க அவரிடம் எண்ணே இருக்காது. இப்படிப்பட்ட சிரமத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

சிரமமே வேண்டாமென்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு தரவுச் சேமிப்புச் சேவையான ஸ்னோஃபிளேக்கில் 2024-இல் நடந்த விவகாரம் சாட்சி. இரண்டாம் அடுக்கை இயக்காத வாடிக்கையாளர் கணக்குகளுக்குள் ஊடுருவியவர்கள் திருட்டுக் கடவுச்சொல்லோடு எளிதாக நுழைந்தார்கள். பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று எச்சரிக்கப்பட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ 165.

உள்நுழைவுத் திரையில் நிறுவனச் சின்னமும் பின்னணிப் படமும் வைப்பதைப் பாதுகாப்பு என்று எண்ணுகிறவர்களும் உண்டு. இடையில் நின்று உண்மைப் பக்கத்தையே வாங்கிக் காட்டும் மோசடித் தளத்தில் அதே சின்னம் அப்படியே வரும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீ மட்டும் அங்கே ஏமாறாது. அது பதிவான தள முகவரியோடு பிணைந்தது. போலி முகவரியில் வேலையே செய்யாது. விரலை வைத்தால் போதும் என்பதால், கடவுச்சொல்லைவிடப் பயன்படுத்தவும் எளிது.

ஆகவே என் தீர்ப்பு: நுழைவைப் பாஸ்கீயால் உறுதியாக்குங்கள், அது வரும்வரை எண் பொருத்தம். நிறுவனம் பராமரிக்கும் தனிநபர் கணினியில் அதன்பிறகு அடிக்கடி கேட்காதீர்கள். பொதுக் கணினிக்கும் அட்மின் கணக்குகளுக்கும் மட்டும் குறுகிய நேரம் வையுங்கள்.