வால் லூட்டனின் இருட்டு

திகில் படம் இப்போதுதான் கலையாகியிருக்கிறது என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே பரவிவருகிறது. 'தி பாபடூக்' (2014), 'தி விட்ச்' (2015), 'கெட் அவுட்' (2017), 'ஹெரெடிட்டரி' (2018) என்று ஒரு வரிசையைச் சொல்கிறார்கள். அதற்கு முன் இருந்ததெல்லாம் ரத்தமும் அலறலும்தானாம். துக்கத்தையும் இனவெறியையும் மனச்சிதைவையும் பேயின் வழியே பேசலாம் என்று கற்றுத்தந்தவர்கள் இவர்கள்தானாம். இந்த நான்கில் 'தி விட்ச்', 'கெட் அவுட்' இரண்டையும் நான் உயர்வாகவே மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கூற்று தவறு. எண்பது ஆண்டுகளுக்கு முன் இதையெல்லாம் செய்துமுடித்த ஒரு மனிதரை அது இல்லாமலாக்கிவிடுகிறது.

அவருக்கு முன்பே வந்த 'காலிகரி'யின் கோணல் சுவர்களும் (1920) 'நோஸ்ஃபெராட்டு' மாடிப்படியில் ஏறும் நிழலும் (1922) இந்த இதழின் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. 1931இல் யூனிவர்சல் 'டிராகுலா'வையும் 'ஃபிராங்கன்ஸ்டை'னையும் தந்தது. இயக்குநர் ஜேம்ஸ் வேல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' அரக்கனுக்கு ஒரு மனத்தைக் கொடுத்தார். பத்தாண்டு கழிந்து சிறிது காலத்திலேயே அதே நிறுவனம் தன் அரக்கர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டுக் காசு பார்க்கும் நிலைக்கு இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஆர்.கே.ஓ. நிறுவனம் ஒரு திகில் பிரிவைத் தொடங்கியது. ஆர்சன் வெல்ஸின் படங்களில் பணத்தை இழந்திருந்த நிறுவனம் அது. மலிவாக எடுத்து வேகமாக ஈட்ட வேண்டும் என்பதற்குமேல் அதற்கு நோக்கம் இல்லை. பொறுப்பு வால் லூட்டனிடம் வந்தது. 1904இல் யால்டாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்து, நாவல்கள் எழுதி, தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கின் கதைப்பிரிவில் வேலைபார்த்தவர் அவர். அவருக்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. செலவு 1,50,000 டாலரைத் தாண்டக்கூடாது. நீளம் 75 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். தலைப்பை நிறுவனமே தரும்.

முதலில் தரப்பட்ட தலைப்பு 'கேட் பீப்பிள்' (1942). அண்மையில் மறுபடி பார்த்தபோதும் அதன் துணிவு என்னை அசரவைத்தது. செர்பியாவிலிருந்து வந்த இரீனா, ஆசை மூண்டால் தான் சிறுத்தையாகிவிடுவோம் என்று நம்புகிறாள். கணவனைத் தொடவிடாமல் வாழ்கிறாள். அது சாபமா, நோயா, தன் உடலைக் கண்டே அஞ்சும்படி வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் துயரமா? படம் கடைசிவரை எந்தப் பக்கமும் நம்மை முழுதாகச் சாய்ந்துகொள்ள விடுவதில்லை. கணவனின் தோழி ஆலிஸ் இரவில் பூங்கா ஓரம் நடக்கிறாள். பின்னால் குதிகால் செருப்பின் ஓசை. சட்டென்று அந்த ஓசை நிற்கிறது. உறுமல்போல ஒரு சீறல், சட்டகத்துக்குள் பாய்ந்து வருவது ஒரு பேருந்து. இன்றுவரை எல்லாத் திகில் படங்களும் திருடிக்கொண்டிருக்கும் காட்சி இது. திருடியவர்கள் பேருந்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் வரும் அந்த நிசப்தத்தை விட்டுவிட்டார்கள். நீச்சல்குளக் காட்சியிலும் அப்படித்தான்: சுவரில் நெளியும் நீரின் ஒளி, எங்கிருந்தோ ஓர் உறுமல், நடுநீரில் தத்தளிக்கும் ஒரு பெண். மிருகத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியது. இயக்குநர் ஜாக் தூர்னர் அலுவலகக் காட்சியில் அதையும் இருட்டுக்குள்ளேயே கரைத்துவிட்டார்.

அடுத்து 'ஐ வாக்டு வித் எ ஸாம்பி' (1943). தலைப்பைக் கேட்டாலே மதிப்பானவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் லூட்டன் அந்தத் தலைப்புக்குள் 'ஜேன் அயர்' நாவலைக் கரீபியத் தீவு ஒன்றுக்குக் கொண்டுபோய் வைத்தார். தீவுக்கு வரும் செவிலியிடம், தன் முன்னோர் சங்கிலியில் கட்டப்பட்டுக் கப்பலின் அடித்தட்டில் கொண்டுவரப்பட்ட கதையைக் கறுப்பின வண்டியோட்டி சொல்கிறான். இவ்வளவு அழகான இடத்துக்கல்லவா கொண்டுவந்திருக்கிறார்கள் என்கிறாள் அவள். நீங்கள் சொன்னால் சரி என்று பணிவாக அவன் ஒப்புக்கொள்கிறான். அந்தப் பணிவுக்குள் இருக்கும் கோபத்தை 1943இல் ஹாலிவுட்டில் வேறு யார் கேட்டார்கள்? அடிமைகளை ஏற்றிவந்த கப்பலின் முகப்பில் இருந்த, அம்பு துளைத்த புனித செபாஸ்தியான் சிலை, பண்ணைவீட்டு முற்றத்தில் நிற்கிறது. அந்தத் தீவில் குழந்தை பிறந்தால் அழுகிறார்கள். அடிமைத்தனம் அங்கே விட்டுப்போன வழக்கம் அது. 'கெட் அவுட்' வருவதற்கு 74 ஆண்டுகள் முந்தைய படம் இது.

மார்க் ராப்சன் இயக்கிய 'தி செவன்த் விக்டிம்' (1943) எனக்கு இவை எல்லாவற்றிலும் மேலானது. தொலைந்த அக்காவைத் தேடி நியூயார்க் வரும் தங்கையின் கதை. அக்கா ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறாள். உள்ளே ஒரு நாற்காலியும் தூக்குக் கயிறும் மட்டுமே. பக்கத்து அறையில் நோயால் செத்துக்கொண்டிருக்கும் மிமி என்ற பெண், சாவுக்குக் காத்திருந்து களைத்துப்போய், ஒரே ஓர் இரவு வாழ்ந்துபார்க்க அலங்கரித்துக்கொண்டு வெளியே போகிறாள். அவள் படியிறங்கும்போது அந்த அறையிலிருந்து நாற்காலி விழும் ஓசை வருகிறது. அவ்வளவுதான், படம் முடிந்தது. மொத்தம் 71 நிமிடம். மனச்சோர்வைப் பற்றி இதைவிட நேர்மையான திகில் படத்தை நான் பார்த்ததில்லை.

மற்றவற்றை விரித்துப் பேச இடமில்லை. கதவிடுக்கு வழியே ரத்தம் கசிந்துவரும் 'தி லெபர்ட் மேன்', தனிமையில் வாடும் ஒரு சிறுமியைப் பற்றிய 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்', நடிகர் கார்லாஃபின் ஆகச் சிறந்த நடிப்பைக் கொண்ட 'தி பாடி ஸ்னாட்சர்' எல்லாமே அந்த நான்காண்டுகளில் வந்தவை. திரைக்கதையின் கடைசி வரைவைப் பெரும்பாலும் லூட்டனே திருத்தி எழுதுவார். பெயர் போட்டுக்கொண்டது இரண்டு படங்களில் மட்டும், அதுவும் கார்லோஸ் கீத் என்ற புனைபெயரில். 1951இல் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 46.

அதன்பின் நடந்தது இரு பாதைகளின் கதை. தூர்னர் 1957இல் எடுத்த 'நைட் ஆஃப் தி டீமன்' படத்தில், அவர் விருப்பத்துக்கு மாறாகத் தயாரிப்புத் தரப்பு ஓர் அரக்கனைத் திணித்தது. ஹாமர் நிறுவனம் ரத்தத்துக்கு வண்ணம் தந்தது. 'எக்சார்சிஸ்ட்' (1973) காட்டுவதில் எல்லைவரை போனது. மறுபக்கம், ஜாக் கிளேட்டனின் 'தி இன்னசென்ட்ஸ்' (1961) லூட்டனின் வழியில் நடந்தது. லூட்டனிடமே முதல் படம் இயக்கிய ராபர்ட் வைஸ் 'தி ஹாண்டிங்' (1963) படத்தில் ஒரு கதவு உள்நோக்கி வளைவதைக் காட்டியே நம் மூச்சை நிறுத்தினார்.

இன்றைய புகழ்பெற்ற படங்களில் பல, எல்லாவற்றையும் காட்டிவிடும் அந்த முதல் பாதையைச் சேர்ந்தவை என்பதுதான் என் வருத்தம். அவை துக்கத்தைப் பற்றிப் பேசுகின்றன. துக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதையும் கூடவே சொல்லிவிடுகின்றன. 'பாபடூக்'கில் அந்த உருவம் எதைக் குறிக்கிறது என்று பாதிப் படத்திலேயே விளங்கிவிடுகிறது. விளங்கிய பிறகு அச்சம் எங்கே இருக்கும்? 'ஹெரெடிட்டரி'யின் முதல் பாதி தாங்கமுடியாத வலி. இரண்டாம் பாதியோ பேயரசனின் பெயர்வரை சொல்லி அந்த வலியை வீணடிக்கிறது. லூட்டன் தன் பார்வையாளரை நம்பினார். இருட்டில் பாதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பணமில்லாமல் முதல் திகில் படம் எடுக்க நினைக்கும் இளைஞர்கள் லூட்டனிடமிருந்து தொடங்க வேண்டும். அவருடைய ஒன்பது திகில் படங்களும் சேர்ந்தே பதினொரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் 'தி செவன்த் விக்டிம்' பாருங்கள்.