நிறமியின் பெயரும் ஓவியத்தின் காலமும்: தஞ்சைப் பகுப்பாய்வு முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை

முன்னுரை

தமிழகச் சுவரோவியங்கள் குறித்த எழுத்துகளில் ‘மூலிகை வண்ணம்’ என்னும் தொடர் நிலைபெற்றுவிட்டது. சித்தன்னவாசலாயினும் தஞ்சையாயினும், இலைச்சாறும் பூச்சாறும் கொண்டு தீட்டப்பட்டவை என்னும் கூற்று சான்றின்றியே நூலுக்கு நூல் எடுத்தாளப்படுகிறது. வேதியியல் பகுப்பாய்வு காட்டும் உண்மை வேறு. அதே வேளையில், பகுப்பாய்வு தரும் நிறமிப் பட்டியலும் திறனாய்வின்றி ஏற்கப்படுகிறது. நிறமியின் பெயர் மட்டும் ஓவியத்தின் நுட்பத்தையோ காலத்தையோ நிறுவாது. நிறமி, பிணைப்பி, படலம் ஆகிய மூன்றும் ஒருங்கே நோக்கப்படும்போதுதான் அது வரலாற்றுச் சான்றாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பரமசிவனின் ஆய்வு

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்குக் கீழே சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் சாந்தையும் நிறமிகளையும் ஆராய்ந்து 1930களில் முடிவுகளை வெளியிட்டார். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிமண் வகைகள், பச்சைக்குப் பச்சைமண், நீலத்துக்கு அல்ட்ராமரீன் என்பது அவர் கண்ட நிறத்தொகுதி. கரி ஒன்று நீங்கலாக ஏனையவை அனைத்தும் கனிமம் சார்ந்தவை. சுண்ணாம்பின் காரத்தன்மையைத் தாங்கும் நிறமிகளே ஈரச்சாந்தில் நிலைக்கும். பெரும்பாலான தாவரச் சாயங்கள் அக்காரத்திலும் ஒளியிலும் சிதைந்துவிடும். ஆகவே இத்தேர்வு தற்செயலானதன்று; ஓவியரின் பொருளறிவைக் காட்டுவதாகும்.

எனினும் தாவர நிறமியே பயன்படவில்லை என்று மறுகோடிக்குச் செல்லுதலும் பொருந்தாது. அவுரியிலிருந்து பெறும் நீலம் கேரளச் சுவரோவிய மரபில் உலர்ந்த சாந்தின்மேல் பயன்பட்டுள்ளது. எந்த நிறமி எந்தத் தளத்தின்மேல் இடப்பட்டது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

எதிர்மறைச் சான்றின் எல்லை

சோழர் ஓவியம் ஈரச்சாந்தில் தீட்டப்பட்டது என்பது பரமசிவனின் முடிவு. இம்முறையில் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறும்போது நிறமித்துகள்களைத் தன்னுள் பிணைத்துக்கொள்கிறது. பசையோ பிசினோ தேவையில்லை. கரிமப் பிணைப்பி கிடைக்காமை இம்முடிவுக்கு ஒரு முதன்மை ஆதாரமாக அமைந்தது. ஆனால் ‘கிடைக்கவில்லை’ என்பதும் ‘இருந்ததில்லை’ என்பதும் ஒன்றல்ல. ஆயிரம் ஆண்டுகளில் பசையும் பிசினும் நுண்ணுயிர்களால் சிதைந்திருக்கலாம். அன்றைய கருவிகளின் உணர்திறனுக்குக் கீழே எஞ்சியிருக்கவும் கூடும். பரமசிவனின் நிறமிப் பட்டியல் நேர்மறைச் சான்று. பிணைப்பி பற்றிய முடிவு எதிர்மறைச் சான்று. பின்வந்தோர் இவ்விரண்டையும் ஒரே உறுதிப்பாட்டுடன் மேற்கோள் காட்டுவதே குறை. இவ்வேறுபாடு ஏட்டளவிலானதன்று. ஈரச்சாந்து ஓவியம் ஓரளவு நீரைத் தாங்கும். பிசினால் பிணைக்கப்பட்ட ஓவியத்தை ஈரத்துணியால் துடைத்தால் நிறமே கரைந்து வந்துவிடும்.

கருவிகள் பெருகிய இக்காலத்திலும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை தனிமங்களை மட்டுமே காட்டுகிறது. சிவப்புக் காவி, மஞ்சள் காவி, பச்சைமண் ஆகிய மூன்றிலும் அது இரும்பையே காட்டும். அல்ட்ராமரீனில் உள்ள சோடியம், அலுமினியம் போன்ற இலேசான தனிமங்களைக் கையடக்கக் கருவி எளிதில் பற்றுவதில்லை. ராமன் நிறமாலையில் அதே நிறமி 548 செ.மீ.⁻¹ அருகே தெளிவான அடையாளம் தருகிறது. ஒரு முறையின் மௌனத்தை மற்றொரு முறை நிரப்ப வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கு: காலக்கணிப்பின் சிக்கல்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த கோம்பை, தேவாரம், போடிநாயக்கனூர் ஆகியவை மதுரை நாயக்கர் ஆட்சிமுறையில் பாளையங்களாக விளங்கியவை. இவற்றுள் போடிநாயக்கனூர் அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்கள் நாயக்கர் மரபின் பிற்கால நிலைக்கு எடுத்துக்காட்டு. இத்தகைய ஓவியங்களின் காலம் பெரும்பாலும் ஆடை, அணிகலன், முகவமைப்பு முதலிய பாணிக்கூறுகளைக் கொண்டே கணிக்கப்படுகிறது. பாளையங்களில் பழைய பாணி நெடுங்காலம் தொடர்ந்தமையால் இக்கணிப்பு நெகிழ்வானது.

இங்கு நிறமி உறுதியான கால எல்லையை அளிக்கவல்லது. பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானது. மரகதப் பச்சை 1814இலும், செயற்கை அல்ட்ராமரீன் 1820களின் இறுதியிலும் தோன்றின. பின்னது துணி வெளுக்கும் நீலப்பொடியாகக் கடைவீதிகளிலும் புழங்கியது. சோழர் சுவரிலும் பாளையக்காரர் சுவரிலும் ‘அல்ட்ராமரீன்’ என்று ஒரே பெயர் பதிவாகலாம். ஆயின் முன்னது தொலைவிலிருந்து வந்த நீலக்கல்லின் பொடி, பின்னது ஆலைப் பொருளாக இருக்கக்கூடும். நீலக்கல்லில் கால்சைட்டு, பைரைட்டு முதலிய உடன்கனிமங்கள் கலந்திருக்கும். செயற்கைப் பொருளின் துகள்கள் நுண்ணியவை, சீரானவை. நுண்ணோக்கியின்கீழ் இவ்வேறுபாடு புலப்படும். பெயரோடு நின்றுவிடும் பட்டியல் எண்ணூறு ஆண்டு இடைவெளியை மறைத்துவிடும்.

பிரஷ்ய நீலம் சுண்ணாம்பின் காரத்தில் பழுப்பாக மாறும். எனவே இன்று பழுப்பாகத் தெரியும் பரப்பு, தீட்டிய நாளில் நீலமாக இருந்திருக்கவும் கூடும். புதிய நிறமி கிடைத்தவுடனே ஓவியம் முழுவதும் பிற்காலத்தது எனத் துணிதலும் தவறாகும். அது மறுபூச்சின் எச்சமாகவும் இருக்கலாம். குறுக்குவெட்டு மாதிரியில் படலங்களின் வரிசையைக் கண்ட பின்னரே கால எல்லை மூல ஓவியத்துக்கு உரியதா, திருத்தத்துக்கு உரியதா என்று கூற இயலும்.

முடிவுரை

‘மூலிகை வண்ணம்’ என்னும் பெருமிதச் சொல், சுண்ணாம்பின் இயல்பறிந்து மண்ணையும் கல்லையும் தேர்ந்த ஓவியரின் அறிவை மறைக்கிறது. நிறமியின் பெயரோடு அமையும் அறிவியற்பட்டியல் அவ்வறிவின் வரலாற்றை மறைக்கிறது. திருப்பணியின்போது வெள்ளையடிப்பிலும் புதுப்பூச்சிலும் மறையும் ஒவ்வொரு சுவரோடும் படல வரிசை என்னும் மூலச்சான்றும் எட்டாததாகிறது. ஆகவே கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளின் ஓவியங்களில் படலம், பிணைப்பி, நிறமி ஆகிய மூன்றையும் பதிவு செய்த பின்னரே தூய்மைப்படுத்தலும் சீரமைப்பும் தொடங்குதல் வேண்டும்.