ஊரைத் தேர்தலும் ஊரை ஆக்கலும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்பது தமிழ்ப் பழமொழி. தாம் போற்றும் விழுமியங்களுக்கு ஏற்ற ஊரை நாடுதல் தமிழர்க்குப் புதிய சிந்தனை அன்று என்பதற்கு இது சான்றாகும். இச்சிந்தனைக்குப் பொருளியல் கோட்பாட்டு வடிவம் தந்தவர் சார்லஸ் டீபூ. பல ஊராட்சிகள் இருக்குமிடத்து, தமக்கு உகந்த வரியையும் சேவையையும் அளிக்கும் ஊருக்கு மக்கள் குடிபெயர்வர் என்றும், அக்குடிபெயர்வே ஒருவகை வாக்களிப்பு ஆகும் என்றும் அவர் 1956ஆம் ஆண்டில் வாதிட்டார். இக்கருத்து நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழர் வாழ்வுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கோட்பாட்டின் எல்லை

டீபூவின் கோட்பாடு நிற்கும் எடுகோள்களுள் இரண்டு ஈண்டு கருதத்தக்கவை. மனிதர் தடையின்றி இடம்பெயர வல்லவர் என்பது ஒன்று. அவர்தம் வருவாய் வாழும் இடத்தைச் சார்ந்ததன்று என்பது மற்றொன்று. ரந்தாவ், லாபு, பகாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் இவ்விரண்டும் இல்லை. வேலையும் வீடும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தன. வேலையை இழந்தவர் லயத்து வீட்டையும் இழந்தார்.

ஏழு முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட ஒரே இனத்துச் சிறார் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தது. இவ்வாறு பள்ளியும் மருந்தகமும் கோயிலும் கள்ளுக்கடையும் தோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்தன. தோற்றத்தில் அது ஓர் ஊர். உண்மையில் ஊராட்சி அற்ற தனியார் நிலம்.

குடிபெயர்வு நிகழ்ந்த இடத்தும் அதனை விருப்பத் தேர்வாகக் கருத இயலாது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை அற்றோர்க்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவாகவும் 1969ஆம் ஆண்டுச் சூழலாலும் ஏறத்தாழ 60,000 இந்தியர் இந்தியாவுக்குத் திரும்பினர். அவர்களுள் பலர் விட்டுச் சென்றது அவர்கள் பிறந்து வளர்ந்த மண்ணாகும்.

குரலும் உடைமையும்

ஓர் அமைப்பில் நிறைவு காணாதவர்க்கு வெளியேறுதல், குரல் எழுப்புதல் என இரு வழிகள் உண்டு என்றார் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் (1970). முதல் வழி அடைபட்டிருந்த தோட்டங்களில் இரண்டாம் வழி வலுப்பெற்றது. பி.பி. நாராயணன் தம் தொழிற்சங்கப் பணியை நெகிரி செம்பிலானில் தொடங்கியவர் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. பல சங்கங்களின் இணைப்பால் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று.

தோட்டத் துண்டாடல் மூன்றாவது வழி ஒன்றையும் காட்டியது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை உங்கு அஸிஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் நிறுவிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் செலுத்திய பங்குப்பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சீடிம் அதன் முதல் தோட்டம். தமக்கேற்ற ஊரைத் தேடிச் செல்லாது, வாழ்ந்த ஊரையே உடைமையாக்க முயன்ற முயற்சி இது. எனினும் பங்குதாரர் நாடெங்கும் பரவியிருந்தனர். ஆகவே, உடைமை கிட்டியதைக் கொண்டு அவ்வத் தோட்டத்து மக்களுக்கு உள்ளூர் ஆளுகையும் கிட்டியது எனக் கொள்ளுதல் பொருந்தாது. கூட்டுறவின் வெற்றியைப் பாராட்டும் எழுத்துகள் இவ்வேறுபாட்டைப் பெரிதும் கருதவில்லை.

இன்றைய தேர்வு

முன்பு ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று சிரம்பான் 2, நீலாய், பண்டார் ஸ்ரீ சென்டாயான் முதலிய புதுநகர்கள் எழுந்துள்ளன. லயத்தில் பிறந்தோரின் பிள்ளைகள் இங்குத் தாமான்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். இவர்களுக்கேனும் டீபூவின் கோட்பாடு பொருந்துமா என்னும் வினா எழுகின்றது. முழுமையாகப் பொருந்தாது என்பதே விடை. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றுக்கு முடிவு கட்டியது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கின்றது. எந்த நகரில் குடியேறினும் அந்நகரின் மன்றத்திற்கு வாக்களிக்க வழியில்லை.

ஆயினும் இத்தேர்வுக்கு அரசியல் விளைவு உண்டு. இம்மாநிலத்தின் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகளுள் பல தோட்டங்களில் தோன்றியவை. பெற்றோர் வீட்டு விலையையும் வேலைத் தொலைவையும் மட்டும் கருதித் தாமானைத் தேர்ந்தால், பழைய பள்ளி மாணவரை இழக்கும். புதிய இடத்திலோ பள்ளி இராது. தனித்தனிக் குடும்பங்களின் தேர்வுகள் ஒன்றுகூடி ஒரு சமூக நிறுவனத்தின் ஆயுளை முடிவு செய்கின்றன.

முடிவுரை

தோட்டத்தை நீங்கியதை இழப்பு எனச் சிலரும் விடுதலை எனச் சிலரும் எழுதி வந்துள்ளனர். நீங்கியவர் சென்று சேர்ந்த ஊரில் அவர்தம் குரலுக்கு இடம் உண்டா என்னும் வினாவை இரு சாராரும் போதிய அளவு எழுப்பவில்லை. லயத்து மக்கள் தேர்ந்தெடுக்காத இடத்திலும் சங்கம் கண்டனர். கோயிலையும் பள்ளியையும் பேணினர். தேர்ந்தெடுக்கும் வாய்ப்புப் பெற்ற தலைமுறை தாமான்களில் என்ன ஆக்கியுள்ளது என்பதைக் களஆய்வின்வழி அறிதல் இத்துறை ஆய்வாளர்தம் அடுத்த கடமையாகும்.