தட்டில் பதிந்த கரவொலி

றோறி கலகர் என்னும் ஐரிஷ் கிற்றார்க் கலைஞரின் ‘ஐரிஷ் ரூர் 74’ என்ற இரட்டை இசைத்தட்டு வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதுபற்றி இரசிகர்கள் கூறிவரும் அபிப்பிராயங்களைத் தொகுத்து நோக்கின், ஏறத்தாழ எல்லோரும் அதனைப் புகழ்வது தெரியவரும். ஆயின், அவர்கள் காட்டும் காரணங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. வாசிப்பின் வீறே அதன் சிறப்பு என்பர் ஒரு சாரார். பிளவுண்ட பெல்பாஸ்ற் நகரிலே ஒலித்த சமாதான கீதம் அது என்பர் இன்னொரு சாரார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிலே பிறந்த புளூஸ் இசையை வெள்ளையர் இரவல் வாங்கிப் பொருளீட்டியமைக்கு இதுவும் ஓர் உதாரணம் என்று முகஞ்சுளிப்போரும் சிலர் உளர்.

கலகர் 1948இல் டொனகல் பிரதேசத்துப் பலிஷனன் என்னும் சிற்றூரிலே பிறந்து, கோர்க் நகரில் வளர்ந்தவர். பதினைந்து வயதில், நூறு பவுணுக்குச் சற்றுக் குறைந்த விலைக்குத் தவணைமுறையில் வாங்கிய பழைய ஸ்ரற்றோகாஸ்ரர் கிற்றாரையே, அதன் பூச்சு உரிந்து மரம் வெளித்தெரிந்த பின்னரும் கைவிடாது வாசித்தார். கட்டம்போட்ட சாதாரணச் சேட்டுடன் மேடையேறுவார். விற்பனைப் பட்டியலில் இடம்பிடிப்பதற்கெனத் தனிப்பாடல் தட்டுகளை வெளியிடுவதில் அவருக்கு நாட்டமில்லை. உழைக்கும் மக்கள் அவரைத் தம்மில் ஒருவராகக் கொண்டாடியதற்கு இவையெல்லாம் காரணங்களே. (எளிய உடை நல்ல கலைக்கு அத்தாட்சியாகாது என்பதையும் கூறிவைத்தல் வேண்டும்.)

முதற் சாராரின் கூற்றை ஆராய்வோம். கூடத்தில் பதிவு செய்த தட்டுகளைவிட மேடையிற் பதிவான தட்டே மேலானது என்பது உண்மையே. ஆனால் ஏன்? இத்தட்டிலுள்ள ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’, ‘ரற்றூட் லேடி’ ஆகிய பாடல்கள் 1973இல் வெளிவந்த ‘ரற்றூ’ என்னும் தட்டிலும் உள்ளன. அதே விரல்கள், அதே கிற்றார், அதே நால்வர் குழு. இடைவெளி சில மாதங்களே. புதிதாய்ச் சேர்ந்தது சபை ஒன்றுதான். துறைமுகத்து மதுச்சாலையிலே கூட்டத்தின் நடுவே தனித்துப்போன ஒருவனின் மனநிலையைக் கூறும் முதற்பாடல், கூடத்திலே ஒரு நல்ல பாடலாக மட்டும் நிற்கிறது. சபையின் முன்னோ அது ஒன்பது நிமிடத்துக்கு மேல் விரிந்து, தனிமையைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் அனுபவமாக மாறுகிறது. இதற்கு மறுதலையான சான்றும் அத்தட்டிலேயே இருக்கிறது. நான்காம் பக்கத்திலே, சபையோர் இல்லாத வேளையில் குழுவினர் தமக்குள் வாசித்துப் பதிந்த நீண்ட உருப்படி ஒன்று உண்டு. திறமைக்குக் குறைவில்லை; உயிர்தான் குன்றிப்போகிறது. எனவே, வீறு விரலிலிருந்து மட்டும் பிறப்பதன்று.

இங்குள்ள பாடல்களின் சொல்வளம் பல இடங்களில் மெலிந்தது என்பதையும், ‘வோக் ஒன் ஹொற் கோல்ஸ்’ பதினொரு நிமிடங்களுக்கு நீள வேண்டிய அவசியமில்லை என்பதையும் மறைத்துப் பயனில்லை.

மூன்றாம் சாராரின் குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. கலகர் தமது கடனை ஒளித்தவரல்லர். மடி வோட்டர்ஸ் 1971இல் இலண்டனில் தட்டுப் பதிந்தபோது அவருடன் அமர்ந்து வாசித்தவர். இத்தட்டிலும் மடி வோட்டர்ஸின் பாடலொன்று அவர் பெயருடனேயே இடம்பெறுகிறது. ஆனால் சபையோர் ஆரவாரித்து வரவேற்கும் ‘ரூ மச் அல்கஹோல்’ என்ற பாடலைத் தந்த ஜே. பி. ஹற்றோ, இசையால் வாழ வழியின்றி மலர்ச்சாலை ஒன்றிலே துப்புரவுத் தொழிலாளியாக வேலை பார்த்தவர். அந்த அநீதியைச் செய்தது சந்தை. அதன் பொறுப்பை ஒரு தனிக் கலைஞன்மீது சுமத்துவோர் சந்தையைத் தப்பவிடுகின்றனர். குடியைப் பற்றிய அப்பாடலுக்கு எழும் ஆரவாரத்தை இன்று கேட்பது கடினம். ஈரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னர், 1995 யூன் மாதத்தில், நாற்பத்தேழே வயதிற் கலகர் மறைந்தார்.

இனி, பெல்பாஸ்ற். 1972ஆம் ஆண்டில் மட்டும் வட அயர்லாந்து மோதல்களில் ஏறக்குறைய ஐந்நூறு பேர் மாண்டனர். பேர்பெற்ற குழுக்கள் பல அந்நகரைத் தவிர்த்தன. கலகர் தவறாது வந்தார். 1974 புத்தாண்டை ஒட்டிய நாட்களில், குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த நகரிலே, அல்ஸ்ரர் மண்டபத்தில் கத்தோலிக்க இளைஞரும் புரட்டஸ்தாந்து இளைஞரும் ஒருங்கே நின்று அவர் இசையைக் கேட்டனர். இது சிறிய காரியமன்று. இரு தரப்பாருக்கும் வாசிப்பது எத்தகைய ஆபத்தென்பதை 1975 யூலை 31 அன்று உலகு கண்டது. வடக்கிலே நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு டப்ளினுக்குத் திரும்பிய மயாமி ஷோபாண்ட் குழுவினரை ஆயுததாரிகள் வழிமறித்தனர். கலைஞர் மூவர் கொல்லப்பட்டனர்.

ஆயினும் இதனைச் சமாதான கீதம் என்று கூறுவோர் தட்டைச் செவ்வையாகக் கேட்கவில்லை. அதில் யுத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முற்போக்கு விமர்சகன் இங்கே இரு தவறுகளைச் செய்யக்கூடும்: இல்லாத கோஷத்தைப் பாடலுக்குள் புகுத்துவது ஒன்று; கோஷம் இல்லையே என்று கலைஞனைத் தூற்றுவது மற்றொன்று. யார் யாருடன் நிற்கலாம் என்பதைத் துப்பாக்கி தீர்மானித்த நகரிலே, அந்தச் சபை கூடியதே இவ்விசையின் சமூக உள்ளடக்கம். அதற்கு மேல் உரிமை கொண்டாடுவது மிகை. அதிகாரப் பகிர்வு நிருவாகம் அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதி தொடங்கியது. வேலைநிறுத்தம் ஒன்று மே மாதத்தில் அதனைக் கவிழ்த்தது. யூலையில் இத்தட்டு கடைகளுக்கு வந்தபோது மண்டபத்தில் நின்றவர்கள் தத்தம் தெருக்களுக்குள் முடங்கியிருந்தார்கள்.

மேலும், 1974இன் தொகுப்பு பெல்பாஸ்ற், டப்ளின், கோர்க் ஆகிய மூன்று நகரங்களின் பதிவுகளிலிருந்து ஒன்றாகக் கோக்கப்பட்டது. பெல்பாஸ்ற் மக்களின் குரலென்று எண்ணி நெகிழ்வோர், பல வேளைகளில் வேற்றூராரின் கரவொலியையே கேட்டிருத்தல் கூடும். 2014இல் வெளியான விரிந்த பதிப்பில் மூன்று நகரங்களும் தனித்தனித் தட்டுகளிலே தரப்பட்டுள்ளன. வாசகர் பெல்பாஸ்ற் பகுதியை முதலிற் கேட்பாராக. கிற்றாரைச் சற்று மறந்து, பாடலுக்கும் பாடலுக்கும் இடையே எழும் அந்த இளைஞரின் குரல்களைக் கேட்பாராக.