இரும்புக்குப் பின்னால் தேக்கு

ஓசூர் சிப்காட்டில் பிரஸ் ஷாப் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடி விழும் இடத்தில் இரும்பு மட்டும் போதாது, அதிர்வை வாங்கிக்கொள்ள அடியில் இன்னொன்று வேண்டும். முதல் கவசக் கப்பல்களைக் கட்டியவர்களும் அதை அறிந்திருந்தார்கள். அந்த அறிவுதான் என்னை அவற்றின்மேல் கிறங்க வைக்கிறது.

பம்பாய்த் துறைமுகக் காவலுக்காகவே 1870-இல் லண்டனில் நீரில் இறங்கிய கவசக் கப்பல்கள் 'மக்தாலா', 'அபிசீனியா'. 1868 அபிசீனியப் போரின் நினைவாக வந்த பெயர்கள். அந்தப் போருக்கு நம் பக்கத்து மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் போயிருந்தது.

மக்தாலாவின் பக்கவாட்டில் 6 முதல் 8 அங்குலத் தேனிரும்புத் தகடு. அதன் பின்னால் 9 முதல் 11 அங்குலத் தேக்கு! குண்டு மோதினால் இரும்பு தடுக்கும், மரம் அதிர்வை உண்ணும். ஓக் மரத்தின் அமிலம் இரும்பை அரித்துவிடும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கு அரிக்காது. எவ்வளவு அழகான பொருத்தம்!

கப்பல் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் வகுத்த அமைப்பு இது: தாழ்ந்த உடல், முன்னும் பின்னும் சுழலும் கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் 10 அங்குலப் பீரங்கிகள் இரண்டு. பின்னாளைய போர்க்கப்பல்களின் உருவம் இங்கேயே தெரிகிறது. ஆனால் மக்தாலா பம்பாய் வந்துசேரத் தற்காலிகப் பாய்மரம் கட்டவேண்டியிருந்தது.

மக்தாலா, அபிசீனியா இரண்டும் போரே காணாமல் விற்கப்பட்டன. அதே வார்ப்பில் வந்த 'செர்பரஸ்', 1926 முதல் மெல்போர்ன் கரையோரம் அலைதடுப்பாகக் கிடக்கிறது. அங்கே போகிறவர்கள் அந்தக் கோபுரங்களை அவசியம் பார்க்கவேண்டும்.